இருபது என்பது எவ்வளவு?

பி.எஸ்ஸி., வேதியியல், இரண்டாம் ஆண்டு

திருக்குறளில் 'மருந்து' என்பது 95-ஆம் அதிகாரம். அதன் நிறைவுக் குறளில், மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. முதல் மூவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த நான்காமவன் நான். அந்தப் பொறுப்பில் நான் செய்த ஒரு பிழையும், அதிலிருந்து கற்ற பாடமுமே இக்கட்டுரை.

என் அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையில் அடங்காமற் போகவே மருத்துவர் இன்சுலின் எழுதினார். காலை 20 யூனிட், இரவு 12 யூனிட். பேனா போன்ற கருவியில் எண்ணைத் திருப்பி வைத்து ஊசி போடுவோம். சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. என் தந்தையார் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் தொழிலாளி. பேனாவுக்குரிய மருந்தின் செலவு தாங்கவில்லை என்று நாங்களே மருத்துவரிடம் சொன்னோம். அவர், "அதே மருந்து பாட்டிலிலும் வருகிறது, விலை குறைவு, அதே அளவு போடுங்கள்" என்று சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பிழை அதற்குப் பிறகுதான் நேர்ந்தது.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே பாட்டிலும் பத்து ஊசிக்குழல்களும் நேரே என் கைக்கு வந்தன. ஊசிக்குழலில் 20 என்ற கோடு இருந்தது. அதுவரை மருந்தை உறிஞ்சி ஏற்றினேன். இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சர்க்கரை ஏறியது, பிறகு சரிந்தது

பத்து நாளில் அப்பத்தா துவண்டு போனார். ஓயாத தாகம், இரவில் நான்கைந்து முறை எழுந்து போனார். வெறும் வயிற்றில் பார்த்தபோது சர்க்கரை 326. மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். "வேளை தவறாமல் போடுகிறீர்களா?" என்று கேட்டார். "தவறவில்லை" என்றேன். அது உண்மைதான். அவர் காலை அளவை 28 ஆகவும், இரவு அளவை 16 ஆகவும் உயர்த்தினார். அதன் பிறகும் சர்க்கரை சிறிதுதான் இறங்கியது.

ஒரு குழலை இரண்டு நாள் வைத்துக்கொண்டதால் பத்துக் குழல்களும் இருபது நாளில் தீர்ந்தன. வேறொரு கடையில் புதிதாக வாங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்கு 28 யூனிட் போட்டேன். எட்டு மணிக்கு அப்பத்தா இரண்டு இட்லி சாப்பிட்டார். பதினொரு மணியளவில், "என்னமோ படபடன்னு வருதுடா ராசா" என்று சொல்லித் திண்ணைத் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. சற்று நேரத்தில் என்னைப் பார்த்து என் தந்தையாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கருவியில் பார்த்தால் சர்க்கரை 48. சீனியைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 81. உடனே சிறிது சோறு ஊட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கிருந்த செவிலியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, இதற்கு முன் போட்ட ஊசி ஏதாவது வீட்டில் கிடக்கிறதா? எடுத்து வாருங்கள்" என்றார். சைக்கிளில் ஓடிப்போய் எடுத்து வந்தேன். பழையதையும் புதியதையும் மேசைமேல் அருகருகே வைத்தார். பழையதன் மூடி ஆரஞ்சு நிறம். புதியதன் மூடி சிவப்பு. "இரண்டிலும் 20 எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்றார். பார்த்தேன். வெட்கித் தலைகுனிந்தேன்.

வலிமையும் கொள்ளளவும்

வேதியியல் மாணவர்க்கு இது புதிதன்று. ஆய்வுக்கூடத்தில் சீசாவின்மேல் ஒட்டியுள்ள தாளைப் பார்க்காமல் நாம் எந்தக் கரைசலையும் பியூரெட்டில் ஊற்றுவதில்லை. கரைசலின் வலிமை தெரியாமல் அதன் கொள்ளளவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன கணக்கிட முடியும்? கெட்டி மோரும் நீர்மோரும் ஒரே தம்ளரில் ஊற்றினால் ஒரே அளவுதான். ஆனால் உள்ளிருக்கும் தயிர் ஒன்றா?

இன்சுலினும் அப்படித்தான். 'யூனிட்' என்பது மருந்தின் வேலைத்திறனை அளக்கும் அலகு. தொடக்கத்தில், பட்டினி கிடந்த முயலின் இரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்குக் குறைக்க எவ்வளவு மருந்து தேவையோ, அதை வைத்து இந்த அலகை வகுத்தார்கள். இன்று ஒரு பன்னாட்டு யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம் மனித இன்சுலின்.

நம் நாட்டில் இந்த மருந்து இரு வலிமைகளில் கிடைக்கிறது. பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவுக்குரிய மருந்துக்குழல் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 100 வலிமையுள்ள பாட்டில்களும் சில உண்டு. ஆகவே 10 மில்லிலிட்டர் கொண்ட 40 வலிமைப் பாட்டிலில் 400 யூனிட் இருக்கும். 3 மில்லிலிட்டரே கொண்ட பேனாக் குழலில் 300 யூனிட் இருக்கும்.

இனி ஊசிக்குழல். சிவப்பு மூடி போட்டது 40 வலிமை மருந்துக்கு உரியது. அதில் ஒரு மில்லிலிட்டரை 40 பாகமாகக் கோடிட்டிருப்பார்கள். ஆரஞ்சு மூடி போட்டது 100 வலிமை மருந்துக்கு உரியது. அதில் அதே ஒரு மில்லிலிட்டர் 100 பாகமாகக் குறிக்கப்பட்டிருக்கும். எனவே சிவப்பு மூடிக் குழலில் 20 என்பது 0.5 மில்லிலிட்டர்; ஆரஞ்சு மூடிக் குழலில் 20 என்பது 0.2 மில்லிலிட்டர். முற்காலத்தில் நம் ஊர்ப்பக்கம் சின்னப் படி, பெரிய படி என்று இரண்டு புழங்கியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எந்தப் படி என்று கேட்காமல் 'இரண்டு படி' நெல் வாங்கியவன் கதைதான் என் கதை.

நான் செய்ததைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 வலிமை மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் 20 கோடு வரை எடுத்தேன். 0.2 × 40 = 8. இருபது யூனிட் போட்டதாக நான் நம்பியிருந்த இடத்தில் அப்பத்தாவின் உடலில் சேர்ந்தது எட்டே யூனிட். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? மருத்துவர் 28 ஆக உயர்த்தியபோதும் உண்மையில் சேர்ந்தது 11.2 யூனிட்தான். பிறகு சரியான சிவப்பு மூடிக் குழல் வந்தது. அதில் 28 என்றால் உண்மையாகவே 28. முந்தைய நாள் 11.2, மறுநாள் 28. ஒரே இரவில் மருந்து இரண்டரை மடங்காகிவிட்டது. சரியான கருவி கைக்கு வந்த நாளில்தான் ஆபத்தும் வந்தது.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கொடியது. 100 வலிமை மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 கோடு வரை எடுத்தால் 0.5 × 100 = 50 யூனிட். உயிருக்கே இறுதியாகலாம். உண்மையைச் சொன்னால், பழைய பேனாக் குழலில் மிஞ்சியிருந்த மருந்தை வீணாக்குவானேன், ஊசியால் உறிஞ்சிப் போட்டுவிடலாம் என்று நானும் ஒருநாள் எண்ணியதுண்டு. எதனாலோ செய்யவில்லை. அந்த நினைப்பு இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஏன் இரண்டு வலிமைகள்?

கனடாவின் டொராண்டோ நகரில் 1921-இல் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் மக்லியோடின் ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் பணியைத் தொடங்கினர். காலிப் என்பவர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. 1923-இல் பாண்டிங், மக்லியோடு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். நம் தமிழகத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்.

மருந்தைச் செறிவாகத் தயாரிக்கும் திறமை வளர வளர 20, 40, 80 எனப் பல வலிமைகள் புழக்கத்துக்கு வந்தன. இங்கிலாந்தில் ஒரே ஊசிக்குழலை எல்லா வலிமைக்கும் பயன்படுத்தினார்கள். ஒரு கோடு என்பது 20 வலிமையில் ஒரு யூனிட், 40-இல் இரண்டு, 80-இல் நான்கு. நோயாளிகள் கோடுகளைச் சொன்னார்களா, யூனிட்டைச் சொன்னார்களா என்று குழம்பாத நாளில்லை. 1983-இல் அந்நாடு 100 என்ற ஒரே வலிமைக்கு மாறியது. நம் நாட்டில் 40-உம் 100-உம் இன்னும் அருகருகே வாழ்கின்றன. 2025-இல் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் தன் மனித இன்சுலின் பேனா வகைகளை இந்தியாவில் படிப்படியாக நிறுத்திக்கொள்வதாகவும், பாட்டில்கள் தொடரும் என்றும் செய்தி வெளிவந்தது. ஆகவே பேனாவை விட்டுப் பாட்டிலுக்கு மாறும் வீடுகள் இனியும் பல இருக்கும். எங்கள் வீட்டுக் கதை பிறருக்கும் பயன்படும் என்று நான் எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம்.

சீட்டு மாறினால் செய்ய வேண்டியவை

முதலாவது, பாட்டிலில் எழுதியுள்ள எண்ணையும் ஊசிக்குழலில் எழுதியுள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 40-க்கு 40, 100-க்கு 100. மூடியின் நிறம் ஒரு அடையாளமே. மூடி தொலைந்துவிட்டால் குழலின் மேலுள்ள எழுத்தே சாட்சி. பேனாக் குழல் மருந்தைப் பேனாவில் மட்டுமே போட வேண்டும்.

இரண்டாவது, வலிமை மாறினால் யூனிட் எண்ணிக்கையை நாமாகப் பெருக்கவோ வகுக்கவோ கூடாது. 20 யூனிட் எந்த வலிமையிலும் 20 யூனிட்தான். மாறுவது கொள்ளளவு மட்டுமே. அந்தக் கணக்கை உரிய ஊசிக்குழலே செய்துவிடும்.

மூன்றாவது, தவறான குழலைப் பயன்படுத்திவிட்டது தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் இரண்டு குழல்களையும் காட்டுங்கள். இடையில் அவர் அளவை உயர்த்தியிருந்தால் அது பொய்யான கணக்கின்மேல் எழுந்த உயர்வு. எங்கள் மருத்துவர் உண்மை தெரிந்ததும் காலை 18, இரவு 10 என்று குறைத்து, அங்கிருந்து மெல்ல மெல்லச் சரிசெய்தார்.

நான்காவது, மருந்தின் வகையைப் பாருங்கள். 30/70 என்றால் விரைந்து வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கு, நிதானமாக வேலை செய்வது 70 பங்கு. சிலர் இதையே 70/30 என்றும் எழுதுவார்கள். 50/50 என்பது வேறு மருந்து. சாதாரண மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவார்கள். விரைவாக வேலை செய்யும் புதிய வகைகளைப் போட்டவுடன் சாப்பிட வேண்டும். வகை மாறினால் நேரமும் மாறலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமில்லை. சீட்டில் யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஓர் எழுத்தை மட்டும் கிறுக்கியிருந்தால், அது பூச்சியமாகத் தோன்றி 4 யூனிட் 40 ஆகிவிடக் கூடும். எழுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மருந்தைக் காப்பதும் முக்கியம். திறவாத பாட்டிலைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அது பயன்படாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து, அதில் பாட்டிலை நனையாமல் வைக்கலாம். எங்கள் பக்கத்துக் கோடைக்கு அப்பத்தா அப்படித்தான் வைத்திருக்கிறார். கலங்கலான மருந்தைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்க வேண்டும்.

நிறைவுரை

இன்று அப்பத்தா நலமாக இருக்கிறார். ஆனால் ஊசி போடுமுன் ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்து நிறுத்தி, "சிவப்பு மூடிதானேடா?" என்று கேட்கிறார். பள்ளிக்கூடம் பார்க்காதவர் அவர். செறிவு, கொள்ளளவு என்ற சொற்களை அறியாதவர். ஆனால் நான் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்தும் கேட்கத் தவறிய கேள்வியை அவர் நாள்தோறும் கேட்கிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். வீட்டில் மருந்துச் சீட்டு நம் கைக்குத்தான் வரும். 'பிள்ளை படித்தவன், பார்த்துக்கொள்வான்' என்று நம்பிக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. ஆய்வுக்கூடத்தில் சீசாவைப் படிப்பதுபோல் வீட்டிலும் படிக்க வேண்டும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாட்டிலையும் ஊசிக்குழலையும் எடுத்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.