பழுது பார்க்கும் கடைகள் தரும் பாடம்

அரிசி வாங்க வருபவர் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். புளியை வாயில் போட்டுப் பார்க்கிறார். கருவாட்டை முகர்ந்து பார்க்கிறார். சரக்கு எப்படிப்பட்டது என்பது வியாபாரிக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு ஸ்பார்க் பிளக்கையோ, பேரிங்கையோ, ஆயில் டின்னையோ அப்படிச் சோதிக்க முடியாது. அது நல்லதா, போலியா என்பது வண்டி ஓடிய பிறகுதான் தெரியும். "இந்தச் சாமான் மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால், உண்மையிலேயே மாற்ற வேண்டுமா என்பதும் அவருக்குத் தெரியாது.

வாங்குபவருக்குத் தெரியாத சரக்கை விற்கும்போதுதான் வணிகரின் நாணயம் சோதனைக்கு உள்ளாகிறது. மோட்டார் உதிரிபாக வியாபாரமும் பழுதுபார்ப்பும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்துறையில் நாடு முழுதும் கிளை பரப்பிய பெரிய நிறுவனங்கள் பெற்ற அனுபவம் நம் போன்ற மளிகை வணிகர்களுக்கும் பாடமாகும். பாக்கெட் மசாலா, டின் எண்ணெய், பேட்டரி, பல்பு என்று, பிரித்துப் பார்க்க முடியாத சரக்குகள் இன்று நம் கடைகளிலும் பெருகிவிட்டன.

ஒரு நாளின் விலை

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஏரியும் கடலும் சேரும் இடத்தில் உள்ள ஊர் இது. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. கூனங்குப்பம், கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம் என்று சுற்றிலும் மீனவர் குப்பங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இக்கரையோரம் முழுவதும் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. படகு மாறியதும் இன்ஜின் வந்தது. இன்ஜின் வந்ததும் ஆயில், பிளக், பெல்ட், இம்பெல்லர் என்று உதிரிபாகத் தேவையும் வந்தது. கடலோரத்து மளிகைக் கடைகளில் அரிசி, பருப்புடன் ஆயில் டின்னும், கிரீஸும், நைலான் கயிறும் வைத்து விற்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் இதே தேவை உண்டு. உப்புக் காற்றில் இரும்புச் சாமான் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், அங்கே உள்ளூரைவிட அடிக்கடி சாமான் மாற்ற வேண்டியிருக்கிறது.

இந்த மீனவருக்குத் தொழில் நடக்கும் நாட்களே குறைவு. புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக முடியாது. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் படகைக் கடலுக்குள் கொண்டுபோவதே பாடு. இத்தனையும் போக மிஞ்சும் நாளில், நாம் விற்ற போலிச் சாமானால் இன்ஜின் நின்றுவிட்டால் நஷ்டம் அந்தச் சாமானின் விலை மட்டுமல்ல. அன்றைய டீசல், ஐஸ், உடன் வந்தவர்களின் பங்கு, எல்லாம் போயிற்று. நடுக்கடலில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ரூபாய் நிற்கிறது என்பதை விற்பவர் உணர வேண்டும்.

கமிஷன் செய்த கேடு

இனி பெரிய நிறுவனங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற புகழ்பெற்ற பல்பொருள் நிறுவனம் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கார் பழுதுபார்க்கும் நிலையங்களை நடத்திவந்தது. 1992 ஜூன் மாதம் கலிஃபோர்னியா மாநில அரசின் நுகர்வோர் துறை அதன்மீது ஒரு கடுமையான குற்றச்சாட்டைச் சுமத்தியது. அரசு அதிகாரிகள் வாடிக்கையாளர் போல வேடமிட்டு, பிரேக் மட்டும் தேய்ந்த, மற்றபடி நல்ல நிலையில் இருந்த கார்களை அந்த நிலையங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். 38 முறை போனதில் 34 முறை தேவையில்லாத வேலைகளைச் செய்து பணம் வாங்கினார்கள் என்றும், சராசரியாக 223 டாலர் கூடுதலாக வாங்கினார்கள் என்றும் அரசு அறிவித்தது.

நூறாண்டுப் பெயருள்ள நிறுவனத்தில் இது எப்படி நடந்தது? அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? இல்லை. வாடிக்கையாளரை வரவேற்று வண்டிக்கு என்ன தேவை என்று சொல்லும் ஊழியருக்கு, விற்கும் அளவைப் பொறுத்துக் கமிஷன் தரப்பட்டது. இத்தனை விற்க வேண்டும் என்று இலக்கும் வைக்கப்பட்டது. நோயைச் சொல்பவருக்கே மருந்து விற்பனையில் பங்கு கொடுத்தால் எல்லோருக்கும் நோய் இருப்பதாகத்தான் தெரியும். சியர்ஸ் பின்னர் அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது. வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு 50 டாலர் கூப்பன்கள் வழங்க ஒப்புக்கொண்டது. கூப்பன் கொடுத்து வழக்கை முடிக்கலாம். போன பெயரைத் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதல்ல.

நம் கடைகளிலும் இது வேறு உருவில் இருக்கிறது. குறிப்பிட்ட கம்பெனிச் சரக்கை இத்தனை பெட்டி தள்ளினால் பரிசு என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். மெக்கானிக் ஒருவர், "ஆளை உங்கள் கடைக்கு அனுப்புகிறேன், சாமானுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்கிறார். பரிசு வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பரிசுக்காகத் தேவையில்லாத சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டினால், அது சியர்ஸ் செய்த காரியமே.

மளிகைக்காரர் தொடங்கிய கார்ச் சாமான் கடை

அதே அமெரிக்காவிலிருந்து நல்ல எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ஆட்டோசோன் என்பது இன்று ஆயிரக்கணக்கான கிளைகளைக் கொண்ட கார் உதிரிபாக நிறுவனம். அதைத் தொடங்கியது ஒரு மொத்த மளிகை வியாபார நிறுவனம் என்றால் நம் வணிகர்களுக்கு வியப்பாக இருக்கும். மோட்டார் பரம்பரை எதுவும் அதற்கு இல்லை. மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த மலோன் அண்ட் ஹைட் என்ற மளிகை மொத்த வியாபார நிறுவனம், 1979-ல் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிறிய ஊரில் முதல் கடையைத் திறந்தது. அப்போது அதன் பெயர் ஆட்டோ ஷாக். 1987-ல் ஆட்டோசோன் ஆயிற்று. தன் வண்டியைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் சாதாரண மனிதரே அதன் முக்கிய வாடிக்கையாளர்.

அந்தக் கடையின் சேவைகளில் ஒன்று நாம் கவனிக்கத்தக்கது. எப்போதோ ஒருமுறை தேவைப்படும், விலை அதிகமான கருவிகளை முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கிறார்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கருவியில் லாபம் இல்லை. ஆனால் கருவி வாங்க வந்தவர் சாமானையும் அங்கேயே வாங்குகிறார். மறுமுறையும் அங்கேயே வருகிறார். கலியாண வீட்டுக்கு அண்டாவும் கரண்டியும் இரவல் கொடுத்து மளிகைப் பட்டியலைப் பிடிக்கும் நம் ஊர்க் கடைக்காரர் செய்வதும் இதேதான்.

நம் நாட்டில்

மோட்டார்த் தொழிலில் நம் தமிழகத்துக்கு நீண்ட மரபு உண்டு. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் பேருந்துப் போக்குவரத்திலிருந்து வாகன விற்பனை, உதிரிபாகம், பழுதுபார்ப்பு என்று வளர்ந்தது. வண்டி நின்றுபோனால் என்ன நஷ்டம் என்பதைச் சொந்த வண்டி ஓட்டி அறிந்தவர் சாமான் விற்க வந்தார் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

பிற்காலத்தில் கார் கம்பெனிகள் பெருகியபோது வேறொரு குறை எழுந்தது. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமலும், பழுது கண்டறியும் கருவிகளைத் தனியார் மெக்கானிக்குகளுக்குத் தராமலும், வாடிக்கையாளரைத் தங்கள் அங்கீகாரக் கடைகளுக்கே வரவைக்கிறார்கள் என்று 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போயிற்று. ஆணையம் 2014 ஆகஸ்ட் மாதம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால், வேறு கதியில்லாமல் வரும் வாடிக்கையாளரிடம் இஷ்டப்பட்ட விலை வாங்குவது சேவை ஆகாது என்ற கருத்து அந்த உத்தரவில் பதிவாகிவிட்டது. பிறகு 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனம், வேளாண் கருவி, கைபேசி மற்றும் மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகப் பொருள் ஆகிய 4 துறைகள் அதில் அடங்கும்.

இதில் சிறு வணிகருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. குப்பத்தில் ஒரே கடை நம்முடையது என்றால், நாமும் அந்தக் கம்பெனிகளின் நிலையில்தான் இருக்கிறோம். அதிலும் அவர் நம்மிடம் கடன் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கடன்பட்டவர் சரக்கில் குறை இருந்தாலும் வாய் திறக்க மாட்டார். அவர் மௌனத்தைத் திருப்தி என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடன் கணக்கு வேறு. சரக்கின் தரம் வேறு. ரொக்கம் தருபவருக்குக் கொடுக்கும் சாமானையே கடன் சொல்பவருக்கும் கொடுக்க வேண்டும்.

பாடு முறை சொல்லும் உண்மை

நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்களிடமிருந்தே கற்கலாம். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களையும் முறைகளையும் பாடு என்ற பழைய ஏற்பாட்டின்படி சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. நல்ல இடம் ஒருவருக்கு விழும். சுமாரான இடம் இன்னொருவருக்கு விழும். ஆனாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். காரணம், சீட்டு எல்லோர் கண்முன்னும் எடுக்கப்படுகிறது.

பழுதுபார்ப்பிலும் வியாபாரத்திலும் இதுவே விதி. கண்முன் நடந்தால் கொஞ்சம் அதிகச் செலவானாலும் மனிதர் ஏற்பார். திரைக்குப் பின்னால் நடந்தால் நியாயமான விலையிலும் சந்தேகம் வரும். சியர்ஸ் வாடிக்கையாளர் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார்; வண்டி உள்ளே இருந்தது. இடையில் இருந்த சுவர்தான் தவறுக்கு வசதி செய்து கொடுத்தது.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கழற்றிய பழைய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். மாற்றியதற்கு அதுவே சாட்சி.

2. வேலையைத் தொடங்குமுன் செலவைச் சொல்லுங்கள். இடையில் வேறு பழுது தெரிந்தால், கேட்ட பிறகே கை வையுங்கள்.

3. அசலும் மாற்றுச் சரக்கும் இருந்தால் இரண்டையும் மேசைமேல் வையுங்கள். "அண்ணே, இது கம்பெனி சாமான். இது வெளிச் சாமான், விலை குறைச்சல், உழைப்பும் குறைச்சல். உங்களுக்கு எது வேணும்?" என்று கேளுங்கள். விலை குறைந்ததை விற்பது குற்றமல்ல. அதை அசல் என்று சொல்லி விற்பதே குற்றம்.

4. தேவையில்லை என்றால் தேவையில்லை என்று சொல்லுங்கள். "பிளக் நன்றாகத்தான் இருக்கிறது, துடைத்துப் போட்டால் போதும்" என்று சொல்லி ஒரு விற்பனையை இழந்த கடைக்காரரை அந்தக் குடும்பம் எளிதில் மறக்காது.

5. அடிக்கடி தேவைப்படும் சின்னச் சாமான்களை இருப்பு தீராமல் வையுங்கள். பத்து ரூபாய்ப் பின் இல்லாமல் ஒரு படகு கரையில் நின்றால், அந்தப் பழி கடைக்கும் சேரும்.

6. திரும்ப வரும் சரக்கை முகம் சுளிக்காமல் வாங்குங்கள். எந்தக் கம்பெனிச் சரக்கு அதிகம் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மொத்த வியாபாரியிடம் பேச அந்த நோட்டே ஆதாரம்.

சட்டம் சொல்வது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டப்படி பில் கொடுக்காதது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சரக்கை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று பலகை மாட்டியிருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பொய்யான வணிகக் குறியிட்ட சரக்கை விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே மொத்த வியாபாரியிடம் பில் இல்லாமல் மலிவுச் சரக்கு வாங்காதீர்கள். உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கொள்முதல் பில் ஒன்றுதான்.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேச

நம் கடையில் வாடிக்கையாளரால் சோதித்துப் பார்க்க முடியாத சரக்குகள் எவை? அவற்றில் நமக்குப் பரிசு, கமிஷன் வருபவை எவை? கடன் வாடிக்கையாளர் ஒருவர் கடைசியாகக் குறை சொன்னது எப்போது? கடந்த மாதம் திரும்பி வந்த சரக்குகளுக்குக் கணக்கு இருக்கிறதா?

பெரிய நிறுவனத்திடம் உள்ள முதலும், விளம்பரமும், குளிர்சாதன அறையும் நம்மிடம் இல்லை. ஆனால் வாங்குபவரின் பெயரும், அவர் படகும், அவர் வீட்டு நிலவரமும் நமக்குத் தெரியும். நாளை காலை அதே தெருவில் அவர் முகத்தில் நாம் விழித்தாக வேண்டும். சுவருக்குப் பின்னால் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மை நாணயமாக வைத்திருக்கும் அந்தக் கட்டாயமே நம் கடையின் முதலாகட்டும்.