பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு… மனைக்குப் போக வழி இருக்கா?

வீட்டுக் கடன் வட்டியில அரை சதவீதம் குறைக்க நாலு பேங்க் ஏறி இறங்குறோம். ஆனா வாங்கற மனைக்குப் போற வழி யாரோடதுன்னு பெரும்பாலும் கேக்கறதே இல்ல.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். உங்களுக்கு சரவணம்பட்டியில வேலை. கோவில்பாளையம் தாண்டி உள்ள 5 சென்ட் மனை பாக்கறீங்க. "பதினாறடி ரோடுங்க, லாரியே வரும்" என்கிறார் புரோக்கர். 25 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம். மாசம் சுமார் 21,700 ரூபாய் இ.எம்.ஐ. வாங்கியாச்சு. அஸ்திவாரம் தோண்ட ஜே.சி.பி. வர்ற அன்னைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் கல்லுக்கால் நட்டு, கம்பி கட்டி வச்சிருக்கார். "இது எங்க பூமிங்க. தோட்டத்துக்கு மாட்டு வண்டி போறதுக்குத்தான் தடம் விட்டோம்." வீடு நின்னு போச்சு. இ.எம்.ஐ. நிக்காது.

அவர் சொல்றது சரியா? பாதி சரி. அதான் சிக்கலே.

நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்கள்ல "மாமூல் தட பாத்தியம்"னு ஒரு வார்த்தை வரும். வக்கீல்கள் ஈஸ்மென்ட் உரிமை என்பாங்க. அந்த நிலம் உங்களுது ஆகாது. அது வழியா போக வர உரிமை மட்டும் உண்டு. இதுக்கான சட்டம் 1882-லேயே வந்தது. அந்த உரிமை உங்களுக்கு எப்படி வந்ததுங்கறதுதான் முக்கியம்.

கிரயத்திலோ பாகப்பிரிவினையிலோ எழுதிக் கொடுத்த தடம்தான் கெட்டி. ஒரே தோட்டத்தைப் பங்காளிகள் பிரிக்கும்போது உள்பக்கத்துப் பங்குக்கு வேற வழியே இல்லாம போனா, எழுதாட்டியும் சட்டம் வழி கொடுக்கும். ஆனா அது அவசியத்துக்கான வழி. பின்னாடி வேற வழி கிடைச்சா இந்த உரிமை போயிடும். எழுதிக் கொடுத்த தடம் அப்படிப் போகாது. தமிழ்நாட்டில இருந்து போன ஒரு பாகப்பிரிவினை வழக்குல உச்ச நீதிமன்றம் 2006-ல் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு.

மூணாவது, அனுபவத்தால வர்ற உரிமை: 20 வருஷம் வெளிப்படையா, இடைஞ்சல் இல்லாம, உரிமையோட பயன்படுத்தியிருக்கணும். அரசு நிலம்னா 30 வருஷம். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் நடந்த வருஷங்களும் சேரும். ஆனா "போனாப் போகட்டும்"னு நிலத்துக்காரர் அனுமதி கொடுத்து நடந்திருந்தா, எத்தனை வருஷம் ஆனாலும் கணக்குல வராது. ஊர்ல முக்கால்வாசித் தடம் இந்தக் கதைதான்!

இப்போ தோப்புக்காரரோட அந்தப் பாதி நியாயத்துக்கு வருவோம். மனை பிரிச்சு விக்கற இடங்கள்ல இதுதான் பெரிய ஆபத்து. தடம் இருந்த நிலத்தைப் பிரிச்சா, ஒவ்வொரு துண்டுக்கும் அந்த உரிமை வரும். ஆனா வழி விட்டவர் மேல சுமை பெருசா கூடக் கூடாதுன்னும் சட்டம் சொல்லுது. ஒரு குடும்பம் போய் வந்த வண்டித்தடத்துல இப்போ முப்பது வீட்டுக் காரும் போர்வெல் லாரியும் போனா, அவர் கோர்ட்டுல கேள்வி கேக்கலாம். நடைபாதைன்னு எழுதியிருந்தா வண்டியை விட முடியாது.

அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எஃப்.எம்.பி. வரைபடமும் 'அ' பதிவேடும் பாருங்க. அந்த வழி "வண்டிப்பாதை"ன்னு புறம்போக்கா இருந்தா நிம்மதி. அதைத் தனியார் யாரும் அடைக்க முடியாது. நம்ம பக்கத்து இட்டேரி பல இப்படிப்பட்டதுதான், ஆனா வேலியைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, பதிவேட்டைப் பாருங்க. அங்கீகாரம் பெற்ற லேஅவுட்னா, ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்காங்களான்னு கேளுங்க. அந்த ரோடு மெயின் ரோட்டை எப்படித் தொடுதுன்னும் பாருங்க. பல இடத்துல கடைசி ஐம்பது அடி வேற ஒருத்தர் பூமி.

ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டீங்களா? போலீஸ் "சிவில் மேட்டர்"னு அனுப்பிடுவாங்க. உரிமை உண்டுன்னு விளம்புகை, அடைக்கக் கூடாதுன்னு நிரந்தரத் தடை, இந்த ரெண்டையும் கேட்டு சிவில் கோர்ட் போகணும். கூடவே இடைக்காலத் தடையும் கேளுங்க. கம்பியை நீங்களே அறுக்காதீங்க, கேஸ் உங்க மேல திரும்பும்.

இன்னும் வாங்கலைன்னா, கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்துலேயே தடத்தின் சர்வே எண், திசை, அகலம், "கார், லாரி உட்பட எல்லா வாகனமும் போக வர, குடிநீர்க் குழாய், மின்கம்பி கொண்டு போக" என்ற வரி எல்லாம் வரணும். குழாயும் கம்பியும் முக்கியம். நடக்க உரிமை இருக்குன்னா பூமிக்கடியில குழாய் பதிக்க உரிமை இருக்குன்னு அர்த்தம் இல்ல. விக்கறவர் தன்கிட்ட இல்லாத தடத்தை எழுதித் தர முடியாது. அதனால தாய்ப்பத்திரத்துல அதே தடம், அதே அகலத்துல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தோப்புக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தனியா ஒரு தட உரிமைப் பத்திரம் பதிவு பண்ணணும். அவர் அதுக்குப் பணம் கேப்பார். அதை மனை விலையில கழிச்சுப் பேசுங்க.