பிச்சையும் தானமும்

நெய்யாற்றங்கரைப் பேருந்து நிலையம் முதல் தில்லியின் சாலைச் சந்திப்புகள் வரை, எங்கும் நம்முன் கைகள் நீளுகின்றன. காசு இடலாமா, கூடாதா? இட்டால் சோம்பல் வளரும் என்பர் ஒரு சாரார். மறுத்தால் பாவம் என்பர் மற்றொரு சாரார்.

பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பகுக்கிறது. கடமையென உணர்ந்து, கைம்மாறு கருதாமல், இடமும் காலமும் தகுதியும் அறிந்து கொடுப்பது சாத்விகம். பலனை நாடியோ, மனம் நொந்தோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்தில், தகாத காலத்தில், தகாதவர்க்கு, மதிப்பின்றி இகழ்ந்து கொடுப்பது தாமசம்.

பெறுபவரின் தகுதியை ஆராயும் நாம், கொடுக்கும் நம் மனத்தை ஆராய்வதில்லை. தொல்லை நீங்கினால் போதுமென்று முகம் பாராமல் எறியும் நாணயம் தானமன்று.

தகுதி அறிதலும் தேவையே. குழந்தையை முன்னிறுத்தி இரக்குமிடத்தில் இடும் காசு, அக்குழந்தையை வீதியிலேயே நிறுத்திவிடக்கூடும். அங்கே 1098 என்னும் உதவி எண்ணுக்குத் தெரிவிப்பதே சிறந்த கொடை. பசித்தவர்க்கு உணவும், நோயுற்றவர்க்கு மருந்தும், உடல்வலிமை உடையவர்க்கு வேலையும் உரியன.

உணவளிப்பதில் மட்டும் ஆராய்ச்சி வேண்டா. 1867-இல் வடலூரில் வள்ளலார் நிறுவிய தருமச்சாலையில் சாதியோ சமயமோ வினவப்படவில்லை. பசியே அங்குத் தகுதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

கொடுக்க இயலாத வேளையும் உண்டு. அப்போதும் இன்சொல்லுக்குத் தடையில்லை. கேட்பவரின் உள்ளத்திலும் இறைவன் உறைகிறான் என்ற நினைவோடு மறுப்பதும் ஒரு சாதனையே.