தாழம்பூவின் சான்று

அயனும் மாலும் அடிமுடி தேடிய வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அதன்கண் ஒரு கூற்றை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நிலத்தை அகழ்ந்து சென்ற திருமால் அடி காணாது மீண்டு, தாம் காணாமையை ஒப்பினார். அன்னமாய்ப் பறந்த நான்முகனோ, வழியில் வீழ்ந்துவந்த தாழம்பூவைச் சான்றாக்கி, முடியைக் கண்டதாகப் புகன்றார். காணாமை குற்றமன்று, காணாததைக் கண்டேன் என்றதே குற்றம். அதனால் நான்முகன் கோயில் வழிபாட்டை இழந்தார். தாழையும் சிவபூசைக்கு ஆகாதாயிற்று. உரைத்தவரோடு சான்றும் ஒறுக்கப்பட்டமை உற்றுநோக்கத் தக்கது.

இதனோடு ஒப்பவைத்து எண்ணற்பாலதொரு நிகழ்ச்சி, செய்தித்தாள்கள் எளிய மக்கள் கைக்கு எட்டத் தொடங்கிய காலத்தே அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. 1833-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு சென்ட் விலையில் தோன்றிய 'சன்' என்னும் நாளிதழ், 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆறு கட்டுரைகளை வெளியிடத் தொடங்கிற்று. வானநூல் வல்லார் ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தொலைநோக்கியால் நோக்கி, சந்திர மண்டலத்தில் காடுகளையும் விலங்குகளையும் வௌவாற் சிறகுடைய மாந்தரையும் கண்டார் என்பது அவற்றின் சாரம். ஹெர்ஷல் அந்நாளில் ஆண்டிருந்தது மெய். அவற்றைக் கண்டார் என்பது முழுப்பொய். மூலமாகக் காட்டப்பட்ட எடின்பரோ அறிவியல் இதழோ முன்னரே நின்றுபோயிருந்தது. அது முடியினின்றும் வீழ்ந்த தாழம்பூவை ஒக்கும் அன்றோ?

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்பர். செய்தி உரையளவை போலத் தோன்றும். ஆயினும் பலர் கூறலால் ஓர் உரை அளவையாகாது. உள்ளவாறு கண்டு, கண்டவாறு கூறும் ஆப்தர் வாயிற் பிறந்ததே கொள்ளத்தக்கது.

இனி, பிறர்மேற் குற்றஞ் சாற்றி அமைதல் போதாது. இன்ன தலத்தில் இன்ன அற்புதம் நிகழ்ந்தது என இந்நாளில் கைப்பேசிவழி வரும் செய்திகள் பல. அத்தகையதொன்றை யாமும் ஒருகால் அன்பின் மிகுதியால் அடியார் பலர்க்கு அனுப்பினோம். பின்னர் அது பொய்யெனத் தெளிந்து நாணினோம். அதனைப் புனைந்தவர் யாவரோ அறியேம். சான்றாய் நின்ற தாழம்பூ யாமே. பத்தி பொய்யை மெய்யாக்காது. நான்முகன் பொய் புகன்றதும் இறைவன் திருமுன்னரே என்பதை மறத்தலாகாது.

ஆதலின், ஒரு செய்தியைப் பிறர்க்கு உரைக்குமுன், கண்டவர் யார், சான்று யாது என வினாவுதல் நம் கடன். விடை கிடையாதவழி, 'கண்டிலேம்' என்று அமைதலே திருமால் காட்டிய நெறி. அருளுக்கு உரியதும் அதுவே என்க.