தலையை விட்டு இறகைப் பாருங்கள்

கேள்வி: பண்ணைப் பாலத்தருகே மாரியில் கூட்டமாக வரும் கடற்காகங்களைப் படம் பிடித்தேன். பழுப்புத்தலைக் கடற்காகம் என்கிறார்கள். ஒன்றுக்கும் பழுப்புத் தலை இல்லையே?

பதில்: பெயர்தான் உங்களை ஏமாற்றுகிறது. அந்தத் தலை இனப்பெருக்க காலத்து அலங்காரம். திபெத், லடாக் ஏரிகளில் கூடு கட்டும்போது அணிவது. யாழ்ப்பாணத்துக்கு வரும்போது கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும். கருந்தலைக் கடற்காகமும் அப்போது அதே கோலம்தான். ஆகவே அடையாளம் சிறகு நுனியில் இருக்கிறது: வளர்ந்த பழுப்புத்தலைக்கு நுனி கறுப்பு, அதற்குள் வெள்ளைப் பொட்டுகள். கருந்தலைக்கோ சிறகின் முன்விளிம்பு நெடுக வெண்பட்டை. இளம் பறவைக்கு அந்தப் பொட்டுகள் இருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதன் நுனி முழுக் கறுப்பாகவே இருக்கும், வெண்பட்டை வராது. சிறகை மடக்கி நிற்பது என்றால், கண்ணைப் பாருங்கள்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கரிய கண். இளசுகளில் இந்தக் கண் கணக்கு உதவாது.

அதனால் நிற்கும் பறவையின் அழகான படத்தைவிடப் பறக்கும் பறவையின் சுமாரான படமே பெறுமதியானது. கடற்காகம் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். வாடை வீசும் காலையில் காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க நின்றால் அது உங்களை நோக்கியே வரும். ஷட்டர் வேகம் 1/2000 வினாடி போதும். கருநீர்ப் பின்னணியில் கமரா வெள்ளையை வெளுப்பித்துவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். சித்திரைக்குள் எடுத்துவிடுங்கள். புறப்படும் நாட்களில் சிலவற்றுக்குப் பழுப்புத் தலையும் முளைத்திருக்கும்.