காட்டுத்தீ வட்டாரத்தில் வீடு: பாரடைஸ் நகரம் தரும் பாடம்



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்கு வேலைக்குப் போன நம்மவர் பிள்ளைகள் சிலர் அங்கேயே வீடு வாங்கிக் குடியேறுகிறார்கள். வீடு பார்க்கும்போது பள்ளிக்கூடம், கடைவீதி, மாதத் தவணை எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அந்த இடம் எந்தத் தீ வட்டாரத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

அம்மாநிலத்தின் வடக்கே மலைமுகட்டில் அமைந்த சிறு நகரம் பாரடைஸ். சுமார் 26,000 பேர் வாழ்ந்தார்கள். 2018 நவம்பர் 8 காலை, தொலைவில் ஒரு மின்பாதையில் கிளம்பிய தீ பலத்த காற்றில் சில மணி நேரத்திற்குள் ஊரை எரித்தது. 85 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 18,000-க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன.

நெருப்புச் சுவர் போல் தீ வந்து வீட்டை விழுங்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் வீட்டைப் பிடிப்பது காற்றில் பறந்துவரும் கங்குதான். தீ வெகு தூரத்தில் இருக்கும்போதே கங்கு வந்து இறங்கிவிடும். கூரையோரத் தூம்பில் கிடக்கும் சருகு, பரணின் காற்றுத் துவாரம், சுவரை ஒட்டிய மரவேலி, வாசலில் கிடக்கும் தென்னைநார் மிதியடி, இவற்றில் ஒன்று போதும்.

அங்குள்ள விதிகள் இந்தச் சின்ன இடங்களைக் குறிவைத்தே எழுதப்பட்டவை. காற்று, சரிவு, செடிகொடி, முன்பு எரிந்த வரலாறு ஆகியவற்றைப் பார்த்து நிலத்தை மிதம், அதிகம், மிக அதிகம் என மூன்று ஆபத்து வட்டாரங்களாகப் பிரித்து அரசு வரைபடம் வெளியிடுகிறது. ஆபத்தான வட்டாரங்களில் புதிதாகக் கட்டும் வீட்டிற்கு 2008 முதல் தனிக் கட்டட விதி உண்டு. கூரை எளிதில் தீப்பிடிக்காத 'ஏ' வகுப்புத் தரத்தில் இருக்க வேண்டும். துவாரங்களில் கங்கு நுழையாத உலோக வலை வேண்டும். வலையின் கண் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடி வெடித்துவிட்டால் தீக்கு வாசல் திறந்த மாதிரிதான். ஆகவே ஜன்னலுக்கு டெம்பர்டு கண்ணாடி பதித்த இரட்டைக் கண்ணாடி போடுகிறார்கள்.

வீட்டைச் சுற்றி 100 அடிக்குக் காய்ந்த புல், சருகு, நெருங்கிய புதர் இருக்கக் கூடாது. முதல் 30 அடிக்குள் விறகு அடுக்கக் கூடாது. சுவரை ஒட்டிய முதல் 5 அடிக்குத் தனி விதி வகுக்கச் சொல்லி 2020-இல் சட்டம் வந்தது. என் கருத்தில் இந்த 5 அடிதான் செலவு குறைந்தது, பலன் மிகுந்தது. மண்ணும் சரளைக் கல்லும் போதும்.

இவையெல்லாம் பலன் தந்தனவா? பாரடைஸில் எரிந்ததையும் தப்பியதையும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1997-க்கு முன் கட்டிய தனி வீடுகளில் தப்பியவை நூற்றுக்குப் பன்னிரண்டு கூட இல்லை. அதற்குப் பின் கட்டியவற்றில் நூற்றுக்கு 38 தப்பின. ஆனால் 2008 விதிக்குச் சற்று முன் கட்டியவற்றுக்கும் பின் கட்டியவற்றுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஒரு வீடு தப்புமா என்பதை வலுவாகக் காட்டியது, எரிந்த பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே! நம் வீட்டை விதிப்படி கட்டினாலும், ஒட்டியிருக்கும் பழைய வீடு எரிந்தால் அதன் வெப்பமே நம் சுவரைப் பற்றவைத்துவிடும். புதிய கட்டட விதியோ பழைய வீடுகளைக் கட்டுப்படுத்துவதில்லை.

ஆகவே அங்கே வீடு பார்க்கும் பிள்ளைகளிடம் மூன்று விஷயங்களைச் சொல்லி வையுங்கள். வட்டார வரைபடத்தைப் பாருங்கள். மிக அதிக ஆபத்து வட்டாரம் என்றால் விற்பவர் அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். ஊரை விட்டு வெளியேற எத்தனை சாலை என்று எண்ணுங்கள். பாரடைஸில் வாகனங்கள் சாலையிலேயே சிக்கிக்கொண்டன. முன்தொகை கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளின் கூரையையும் வேலியையும் ஒருமுறை நின்று பாருங்கள்.