தொழில் பாடம்: பேண்ட்சா தூளை அறுக்கும் இடத்திலேயே பிடிப்போம்

"பாய், புளோயர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? அப்புறம் எப்படி டேபிள் முழுக்கத் தூள் கிடக்குது?"

எங்கள் பட்டறையில் தொழில் பழகும் தம்பி கேட்ட கேள்வி இது. நம் ஊரில் மரவேலையை நம்பிப் பல குடும்பங்கள் இருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலையே இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். தொழில் செய்பவர் மட்டுமல்லாமல் வீட்டில் உள்ளவர்களும் படிக்க வேண்டிய பாடம் இது.

தூளில் என்ன ஆபத்து?

கண்ணுக்குத் தெரியும் தூள் கீழே விழுந்துவிடும், பெருக்கி எடுத்துவிடலாம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத தூசிக்குத்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் குறைவான மரத்தூசி மெஷினை நிறுத்திய பிறகும் நெடுநேரம் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போய் நுரையீரல் வரை இறங்கும். இருமல், ஆஸ்துமா, மூக்கடைப்பு, தோல் அரிப்பு ஆகியவை இதனால் வரும். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூசியை 1995இல் சேர்த்தது. மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும் வரும் புற்றுநோயே இதில் முக்கியமானது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மாலையில் விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடியுங்கள். அந்த ஒளியில் மிதப்பதைத்தான் நாள் முழுக்க மூச்சாக இழுத்தோம்.

தூள் எங்கே போகிறது?

பேண்ட்சா பிளேடு மேலிருந்து கீழே ஓடுகிறது. பற்களின் இடுக்கில் சேரும் தூள் டேபிள் துளை வழியாகக் கீழே போகிறது. அங்கே கீழ் கைடில் பட்டுக் கொஞ்சம் சிதறுகிறது. மீதி கீழ் வீல் பெட்டிக்குள் விழுகிறது. வீலைச் சுற்றிக்கொண்டு பிளேடோடு மறுபடி மேலே ஏறுவதும் உண்டு.

பல மெஷின்களில் உறிஞ்சும் வாய் பெட்டியின் அடியில், வெட்டும் இடத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது. குறை இங்கேதான். குழாய் வாயிலிருந்து அதன் விட்டம் அளவு தள்ளிப் போனாலே, இழுக்கும் காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். 4 அங்குலக் குழாயில் 4 அங்குலம் தள்ளி இருக்கும் தூசிக்கே இந்த நிலை. ஓரடிக்கு அப்பால் உள்ள நுண்தூசி எப்படி அகப்படும்?

என்ன செய்யலாம்?

வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வீல் முழுவதும் நின்ற பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

1. டேபிளுக்குக் கீழே, கீழ் கைடை ஒட்டி இரண்டாவது உறிஞ்சு வாய் வையுங்கள். மெல்லிய பிளை அல்லது பிளாஸ்டிக்கில் சிறு பெட்டி போல் செய்தால் போதும். தகரம் வேண்டாம்; பிளேடு உரசினால் தீப்பொறி வரும், பல்லும் கெடும். பொருத்திய பின் வீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். டேபிளைச் சாய்த்தும் எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

2. கீழ்க் கதவின் தேவையற்ற இடுக்குகளை ஃபோம் பட்டியால் அடையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. காற்று உள்ளே வந்தால்தான் தூளை இழுத்துக்கொண்டு வெளியே போகும். டேபிள் துளை வழியாகவே காற்று நுழையும்படி விடுங்கள். வேலை முடிந்து மெஷினை மூடி, பிளேடு ஓடாமல் புளோயரை மட்டும் போட்டு, துளை அருகே சிறு நூலைப் பிடியுங்கள். நூல் கீழ்நோக்கி இழுபட்டால் சரி.

3. குழாய்க் கணக்கைத் தவற விடாதீர்கள். 4 அங்குலக் குழாயை இரண்டு 2 அங்குலக் குழாயாகப் பிரித்தால் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 × 4 = 16. இரண்டு 2 அங்குலத்துக்கு 4 + 4 = 8. அதாவது பாதி வழி அடைபட்டுவிட்டது! இரண்டு 3 அங்குலக் குழாய் என்றால் 9 + 9 = 18; இது போதும்.

4. சுருள் ஹோஸ் காற்றைத் தடுக்கும். அதை முடிந்த அளவு குட்டையாக வைத்து, மற்ற இடங்களில் வழவழப்பான பிவிசி குழாய் போடுங்கள். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு நல்லது.

5. கீழ் வீலில் உரசும்படி ஒரு பிரஷ் பொருத்துங்கள். வீலில் தூள் அப்பிக்கொண்டால் பிளேடு ஓட்டம் கோணும். பிளேடு காசும் மிச்சமாகும்.

பையில் பிடித்ததைப் பைக்குள்ளே வையுங்கள்

சாதாரணத் துணிப்பை பெருந்தூளை நிறுத்தி, நுண்தூசியைப் பட்டறைக்குள்ளேயே திருப்பி ஊதிவிடும். நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் போடுங்கள். முடியாவிட்டால் பையை ஆள் புழங்காத வெளிப்புறத்தில் வையுங்கள். தினமும் காலி செய்யுங்கள். மரத்தூள் எளிதில் தீப்பிடிக்கும். பீடி, சிகரெட் அருகில் கூடாது. இரும்பு அறுக்கும் பொறியையும் இதே குழாயில் இணைக்கக் கூடாது.

எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் தூசி தப்பும். அதனால் முகத்தில் நன்றாகப் படியும் என்95 மாஸ்க் அணியுங்கள். கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. கம்ப்ரசர் காற்றால் தரையையும் சட்டையையும் ஊதவும் வேண்டாம். படிந்த தூசி மறுபடி மூச்சுக்குத்தான் வரும்.

வீட்டுக்கு வரும் தூசி

வாப்பா வாசலில் வந்ததும் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். அந்தச் சட்டையில் நாள் முழுவதன் தூசியும் இருக்கிறது. பட்டறையில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருங்கள். முகம், கை, கால் கழுவி, உடை மாற்றிய பிறகு வீட்டுக்கு வாருங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வாரக்கணக்கில் இருமல் நிற்காவிட்டாலும், ஒரு பக்க மூக்கு மட்டும் தொடர்ந்து அடைத்தாலும், மூக்கில் இரத்தம் வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மரவேலை செய்பவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

பேசிப் பார்க்க

1. உங்கள் மெஷினின் உறிஞ்சு வாய் வெட்டும் இடத்திலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது?
2. ஒரு 4 அங்குலக் குழாய்க்கு எத்தனை 2 அங்குலக் குழாய்கள் சமம்?
3. வேலைச் சட்டை உங்கள் வீட்டில் எங்கே தொங்குகிறது?

இரண்டாம் கேள்விக்கு விடை நான்கு. மூன்றாவதை இன்றிரவே வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள்.